தனியாரில் பிரசவத்துக்கும் காப்பீட்டு அட்டை செல்ல வேண்டும் என்று கேட்பது சரியா?

கேள்வி: கொலுசுப் பட்டறை, சிவதாபுரம்

வணக்கம். சிவதாபுரத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே எங்களுக்கு ஒரு சின்னக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. நானும் வீட்டுக்காரரும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் உட்கார்ந்து பற்றவைப்பு வேலை செய்கிறோம். நான் பிறந்தது ஏற்காட்டு மலையில், நாகலூர் பக்கம். தங்கையை அங்கேயே கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் காபித் தோட்டத்தில் கூலி வேலை.

அரசியல் பேசத்தான் இந்தக் கேள்வியைப் போடுகிறேன். நடந்ததை முதலில் சொல்லிவிட்டால் ஏன் கேட்கிறேன் என்பது புரியும்.

போன மழைக்காலத்தில் தங்கைக்கு எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, தலைவலி தாங்காமல் படுத்துவிட்டாள். நர்ஸம்மா வந்து பிபி பார்த்துவிட்டு, இப்போதே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், 108-ஐ நான் கூப்பிடுகிறேன் என்றார். அவள் புகுந்த வீட்டுக்காரர்கள் கேட்கவில்லை. அங்கே கட்டில் கிடைக்காது, தரையில் போட்டுவிடுவார்கள், நம்மிடம்தான் 5 லட்ச ரூபாய் அட்டை இருக்கிறதே என்று தெரிந்தவர் ஜீப்பில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவு இருபதும் இறங்கி, டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வாசலிலேயே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் போர்டு இருந்தது. அதைப் பார்த்துத்தான் உள்ளே போனார்கள்.

செய்தி வந்ததும் நான் போட்டது போட்டபடி ஓடினேன். கவுன்டரில் இருந்த பெண் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது டெலிவரிக்கு எடுக்காதுங்க்கா, 40,000 அட்வான்ஸ் கட்டிடுங்க" என்றாள். தங்கைக்கு அப்போது பிபி 170-ஐத் தாண்டியிருந்தது. அந்த நிலைமையில் இன்னொரு வண்டி பிடித்து எங்கே போவது? கட்டினோம். ராத்திரியே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, 1 கிலோ 700 கிராம். இன்குபேட்டரில் வைத்தார்கள். காலையில் அதே கவுன்டர் பெண் என்னைக் கூப்பிட்டு, "பாப்பாவுக்கு அட்டை போட்டுக்கலாங்க்கா, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு கொடுங்க" என்றாள்.

ஒரே ரேஷன் கார்டு, ஒரே மருத்துவமனை. மேல்மாடியில் குழந்தைக்கு அட்டை செல்லுகிறது, கீழே பெற்றவளுக்கு ரொக்கம் கேட்கிறார்கள். பில் 82,000. என் சங்கிலியும் தங்கை தோடும் செவ்வாய்ப்பேட்டை அடகுக்கடையில் இருக்கின்றன. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், அது போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் போதவில்லை.

எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எல்லோருமே இந்த அட்டையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவர் 2009-ல் கலைஞர் கொண்டுவந்தது என்கிறார். அடுத்தவர் 2012-ல் அம்மா விரிவாக்கியது என்கிறார். இன்னொருவர் 2018-ல் மோடி வந்துதான் 5 லட்சம் ஆனது என்கிறார். இனிமேல் இன்னும் கூட்டித் தருகிறோம் என்றும் சொல்கிறார்கள். என் தங்கைக்கு அந்த 5 லட்சத்தில் ஒரு ரூபாய் கூட எடுக்க முடியவில்லையே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று ஒருவரை நேரில் கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று போனவர்தான்.

வீட்டிலேயே மூன்று கட்சி. மாமனார் பழைய கழகத்துக்காரர், அரசு ஆஸ்பத்திரியை விட்டுப் போனது யார் தப்பு என்கிறார். கொழுந்தனாருக்கு, பணம் கட்டுவது அரசாங்கம், எங்கே பிள்ளை பெறுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கொழுந்தனார் பக்கம்தான் சாய்கிறேன். பிரசவம், கருச்சிதைவு, குழந்தையில்லாதவர்களுக்கான வைத்தியம் எல்லாமே அட்டையில் வர வேண்டும் என்று கையெழுத்து வாங்கி மனு கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, வெளியே பேசத் தயங்குகிற விஷயம். எங்கள் பட்டறையில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மூன்றாவதாக நின்றுவிட்டது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, ரத்தப்போக்கு நிற்காமல் மயங்கி விழுந்தாள். ஏன் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்டால், போனால் கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) ஆபரேஷனும் சேர்த்துச் செய்துகொண்டால்தான் கலைப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். இவளுக்கெல்லாம் அட்டை உதவுமா, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை.

பதில் 1: மலைக்காட்டு நர்ஸ், ஓய்வு

அம்மணி, ஏற்காடு ஒன்றியத்தில் கிராம சுகாதார செவிலியராகவும் பிறகு பகுதி செவிலியராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். செம்மநத்தம், தலைச்சோலை, மாரமங்கலம் எல்லாம் நடந்த கால். உங்கள் தங்கையைப் போல எத்தனையோ பேரை மலையிலிருந்து இறக்கியிருக்கிறேன். பிள்ளையும் தாயும் பிழைத்தது பெரிய விஷயம். 170 பிபியில் ஜீப்பில் வந்து வலிப்பு வராமல் இருந்ததே புண்ணியம்.

உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்த மனுவில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

சிசேரியன் கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 64. உலக சுகாதார நிறுவனம் 1985-லேயே 10 முதல் 15 வரைதான் சரி என்று சொல்லியிருந்தது. நம் அரசு மருத்துவமனைக் கணக்கே அதிகம்தான். இப்போது ஒவ்வொரு பிரசவத்துக்கும் காப்பீட்டில் பணம் என்று திறந்துவிட்டால் அந்த 64 எங்கே போய் நிற்கும்? காத்திருந்து சுகப்பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு ராத்திரி முழுக்க வேலை, சின்னத் தொகை. கத்தி வைத்தால் ஒரு மணி நேரம், பெரிய தொகை. நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் பணம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நாளடைவில் எல்லாம் சாயும்.

கர்ப்பப்பையில் இது நடந்து முடிந்த கதை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையே இல்லாமல் கர்ப்பப்பையை எடுத்தார்கள். காப்பீட்டுப் பணம் வருகிறது என்பது அதில் ஒரு பெரிய காரணம். உச்ச நீதிமன்றம் வரை போய் 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது, இதைக் கண்காணிக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று. வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது என்று வந்த முப்பது வயதுப் பெண்கள் அவர்கள். அந்த வயதில் எடுத்துவிட்டால் அப்புறம் எலும்பு தேய்ந்து, வேலைக்குப் போக முடியாமல் கிடக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் தாய் இறப்பு ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 என்று 2018-20 கணக்கு. இந்தியாவுக்கு அப்போது 97. இந்த இறக்கம் காப்பீட்டால் வந்ததில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 24 மணி நேரமும் நர்ஸ் இருந்ததால், 1995 முதல் மருத்துவப் பணிகள் கழகம் மூலம் மருந்து தடையில்லாமல் வந்ததால், 2008-லிருந்து 108 ஓடுவதால் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 1987-ல் 300 ரூபாயாக ஆரம்பித்து, 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று ஏறியது. ஆட்சி மாறினாலும் யாரும் அதை நிறுத்தவில்லை. இந்த விஷயத்தில் இரண்டு கழகத்துக்கும் நான் கும்பிடு போடுவேன்.

2011-லிருந்து மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் சிசேரியன், ரத்தம், மருந்து, சாப்பாடு, வீட்டுக்குத் திரும்ப வண்டி எல்லாமே இலவசம். தனியாரில் நடக்கும் பிரசவத்துக்கு அட்டையை எடுக்காததற்கு இதுதான் அடிப்படை. அரசே இலவசமாகச் செய்கிறது என்பதால் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். ஆனால் இதை மலையில் யாருக்கும் புரிகிற மாதிரி சொன்னதில்லை. 5 லட்சம் என்று மட்டும் சொன்னார்கள்.

மலைக்கு வேண்டியது என்னவென்று கேட்டால் நான் சொல்வது இதுதான். பிபி ஏறினவளுக்கு வண்டியில் ஏற்றுவதற்கு முன்னாலேயே, வலிப்பு வராமல் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசி போட ஆள் வேண்டும். தேதி நெருங்கியவர்கள் முன்கூட்டியே வந்து தங்க, சுகாதார நிலையத்தோடு சேர்ந்த பிரசவக் காத்திருப்பு அறை வேண்டும், கூட வரும் மாமியாருக்கும் சோறு போட வேண்டும். சோறு இல்லாததால் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் எடுக்க ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் ஒருநாள் கூலியை விட்டு இறங்கக் கூடாது. அட்டை பெரும்பாலும் படுத்து வைத்தியம் பார்ப்பதற்குத்தான். மாதாமாதம் பார்க்க வேண்டிய பிபிக்கும் ரத்தசோகைக்கும் அது வராது.

பதில் 2: ஐந்து ரோடு கணக்கர்

நர்ஸம்மா மேல் மரியாதை உண்டு. ஆனாலும் இந்தப் பேச்சில் ஒன்று விடுபடுகிறது. உடம்பு அந்தப் பெண்ணுடையது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று ஒரு குடும்பம் பயந்தால், அந்தப் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. ஒரு கட்டிலில் இரண்டு பேரைப் படுக்க வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். காசு இருப்பவன் மனைவிக்குத் தனி அறை, கூலிக்காரன் மனைவிக்கு வேறு வழியே கிடையாது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அரசுப் பணம் நோயாளி பின்னால் போகட்டும். அரசு மருத்துவமனையும் அந்தப் பணத்துக்குப் போட்டி போடட்டும். காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் சிகிச்சைக்குப் பணம் பெறுகின்றன, புதுசாக ஒன்றும் கேட்கவில்லை.

சிசேரியன் கூடும் என்ற பயத்துக்கு வழி இருக்கிறது. சுகப்பிரசவமோ ஆபரேஷனோ, இரண்டுக்கும் ஒரே தொகைதான் என்று நிர்ணயித்துவிட வேண்டும். அப்போது தேவையில்லாமல் கத்தி வைப்பவருக்கு லாபம் கிடையாது.

நான் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். எங்களிடம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் பெண்களுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசு காப்பீடு உண்டு. அவர்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறோம், கம்பெனி 3.25 சதவீதம் போடுகிறது. அதில் பிரசவம் பார்ப்பதும் உண்டு, 26 வாரச் சம்பளமும் உண்டு, கருச்சிதைவானால் 6 வாரம் உண்டு. அதே வயதுப் பெண் வீட்டுப் பட்டறையில் கொலுசு பற்றவைத்தால் இது எதுவும் கிடையாது. தொழிலாளி என்று எழுதிவைத்த ஒரு பதிவேட்டில் பெயர் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் வித்தியாசம்.

சொந்தக் காசில் பாலிசி எடுக்கலாமே என்பார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பாலிசியில் எதெல்லாம் வராது என்று 2019-ல் வகுத்த பொது விலக்குப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். 17-வது, மலட்டுத்தன்மை சிகிச்சை. 18-வது, மகப்பேறு. சட்டப்படி செய்யும் கருக்கலைப்பும், விபத்தால் ஏற்படாத கருச்சிதைவும் அந்த 18-க்குள்ளேதான் வருகின்றன. தனியாகக் கூடுதல் பணம் கட்டி எடுத்தாலும் பிரசவத்துக்குப் பல பாலிசிகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆக, அரசும் பட்டியலுக்கு வெளியே வைக்கிறது, கம்பெனிகளும் வெளியே வைக்கின்றன.

இதையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் வருமானமே பார்க்காமல் 5 லட்சம் காப்பீடு என்று மத்திய அரசு கொண்டுவந்தது. நான் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன், அந்த முடிவை மனதார வரவேற்றேன். மாநிலத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். வயதானவருக்கு வருமானம் பார்க்காத அரசு, பிள்ளை பெறுகிறவளுக்கும் பார்க்கக் கூடாது என்று என் கட்சிக்காரர்களிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதில் 3: அஸ்தம்பட்டி வழக்கறிஞர்

அக்கா, பட்டறைப் பெண்ணைப் பற்றி நீங்கள் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கருக்கலைப்பு இந்தியாவில் 1971 சட்டத்திலிருந்து, வரையறுத்த காரணங்களுக்காக, அனுமதிக்கப்பட்டது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டர் கருத்துப் போதும். 20-லிருந்து 24 வாரம் வரை குறிப்பிட்ட நிலைமைகளில், இரண்டு டாக்டர்கள் கருத்தோடு. கருத்தடை முறை பலிக்காமல் போனதும் ஏற்கத்தக்க காரணம்தான், அதுவும் திருமணமானவர்களுக்கு மட்டும் என்று இப்போது இல்லை. திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 18 வயது முடிந்தவளுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும், வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டியதில்லை. அவள் பெயரை வெளியே சொல்லும் டாக்டர் மேலேயே வழக்குப் போடலாம்.

கு.க. செய்துகொண்டால்தான் கலைப்போம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் நடைமுறையில் அந்த அழுத்தம் இருக்கிறது, என்னிடம் வந்த பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது ஐம்பது வருடமாகக் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்ணுக்கு ஆபரேஷன் என்றுதான் நம் சுகாதாரத் துறை பழகியிருக்கிறது. ஆண்கள் செய்துகொள்வது இல்லை என்றே சொல்லலாம். பெரியார் கர்ப்பத்தடையைப் பேசியபோது நாட்டின் ஜனத்தொகைக்காகப் பேசவில்லை, பெண் தன் இஷ்டப்படி வாழ வேண்டும் என்பதற்காகப் பேசினார். திராவிடர் கழகம் என்று பெயர் வைத்ததே 1944-ல் இந்தச் சேலத்தில்தான். அந்தப் பரம்பரையில் வந்த கட்சிகள் ஆபரேஷன் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவள் இஷ்டத்தை விட்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம். உங்கள் மாமனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இதை அட்டைக்குள் கொண்டுவருவதை நான் எதிர்க்கிறேன். அட்டை குடும்பத்துக்கு ஒன்று. அதில் எதற்குப் பணம் எடுத்தார்கள் என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியவந்தால் எத்தனை பெண்கள் துணிந்து வருவார்கள்? இஎஸ்ஐ அவள் பெயரிலேயே இருக்கிறது, அது வேறு. கருக்கலைப்பு அரசு மருத்துவமனையில் அட்டையைக் காட்டாமல், கேள்வி கேட்காமல், இலவசமாக நடக்க வேண்டும். தாலுகா மருத்துவமனையிலும் நடக்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் மாத்திரையே போதும், ஆனால் டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறார்? ஒருமுறை ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். முழுதாக வெளியேறாமல் இருந்தால் ஆபத்து.

குழந்தையின்மைக்கு மட்டும் கொழுந்தனார் பக்கம் நிற்பேன். எழும்பூரிலும் மதுரையிலும் அரசு செயற்கைக் கருத்தரிப்பு மையம் கொண்டுவந்திருக்கிறார்கள். சேலத்து ஏழைக்கு இரண்டுமே தூரம். நம் ஊரில் அந்தத் தொழில் முழுக்கத் தனியார் கையில் விடப்பட்டதன் விளைவை 2022-ல் பார்த்தோம். ஈரோட்டைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமியிடம் கருமுட்டை எடுத்து விற்ற வழக்கு. இந்த மண்டலத்தில் அது நடந்தது என்பதை மறக்க முடியவில்லை.

பதில் 4: ஏற்காடு ஆசிரியர், ஓய்வு

மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. நான் கத்தோலிக்கன். கருவிலேயே உயிர் தொடங்குகிறது என்று நம்புகிறவன். என் வரிப்பணத்தில் கருக்கலைப்பு நடப்பது என் மனச்சாட்சிக்கு ஒவ்வாது. அதைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாத்திரை போட்டு மயங்கி விழுந்த பெண்ணுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்று எந்த விசுவாசியும் சொல்லமாட்டான்.

என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே 1976-லிருந்து ஹைடு திருத்தம் என்று ஒன்று உண்டு. பலாத்காரம், தாயின் உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் தவிர, ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் மத்திய அரசின் பணம் கருக்கலைப்புக்குப் போகாது. மனச்சாட்சியை மதிக்க அப்படி ஒரு வழியும் உண்டு என்று சொல்கிறேன்.

இந்த மாவட்டத்தின் கதை நமக்குத் தெரியும். தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் ஜெயலலிதா சேலத்தில் ஆரம்பித்ததற்கு என்ன காரணம்? பெண் சிசுவை வாழவிடாத ஊர்கள் இங்கே இருந்தன. பிறகு ஸ்கேன் வந்தது, பிறக்கும் முன்னாலேயே பார்த்துக் கலைத்தார்கள். கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுத்து 1994-ல் சட்டம் போட்டும் முழுதாக நிற்கவில்லை. எளிதாக்கினால் யார் கலைக்கப்படுவார்கள் என்ற பயம் எனக்கு உண்டு. பிரசவத்துக்கும், குறைமாதக் குழந்தைக்கும், பெண் குழந்தை பெற்றவளுக்கும் அரசு எவ்வளவு கொடுத்தாலும் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன்.

பதில் 5: அஸ்தம்பட்டி வழக்கறிஞர்

ஐயா, நீங்கள் நிதானமாகச் சொன்னதற்கு நன்றி. பாலினம் பார்த்துக் கலைப்பதில் எனக்கும் உங்கள் பயம்தான். ஆனால் அதைச் செய்கிறவர்கள் அரசு மருத்துவமனைக்கு வருவதில்லை. காசு கொடுத்துத் திருட்டு ஸ்கேன் பார்த்து, ஊர் பேர் தெரியாத வீட்டில் கலைக்கிறார்கள். பதிவேடு இருக்கும் இடத்தில் அந்தக் குற்றம் செய்வது கடினம்.

ஹைடு திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது வந்தபோது 1973 தீர்ப்புப்படி அமெரிக்கா முழுக்கக் கருக்கலைப்பு உரிமை இருந்தது. காசுள்ளவள் போனாள், மெடிக்கெய்ட்டில் இருந்தவள்தான் நின்றாள். 2022 ஜூனில் அந்த உரிமையையே அவர்கள் நீதிமன்றம் எடுத்துவிட்டது, இப்போது மாநிலத்துக்கு ஒரு சட்டம். அங்கே இது தேர்தலையே புரட்டுகிற விஷயம். இங்கே எந்தப் பெரிய கட்சியும் கருக்கலைப்பைத் தடை செய்யச் சொல்வதில்லை, அது நமக்கு நல்லதுதான். ஆனால் அதனாலேயே எந்தக் கட்சியும் அதைப் பேசுவதும் இல்லை. நாகலூரிலிருந்து ஒரு பெண் எங்கே போவாள், யார் பார்ப்பார் என்பது யாருடைய தேர்தல் அறிக்கையிலும் என் கண்ணில் பட்டதில்லை.

மறுபடி: கொலுசுப் பட்டறை, சிவதாபுரம்

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு மாமனாருக்கும் கொழுந்தனாருக்கும் சத்தமாக வாசித்தும் காட்டினேன். வழக்கறிஞர் அம்மா, அந்தப் பெண்ணை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனோம். மிச்சம் இருந்ததாம், அரசு ஆஸ்பத்திரியிலேயே சுத்தம் செய்து அனுப்பினார்கள். ஆபரேஷன் பற்றிப் பேச்செடுத்தார்கள், வேண்டாம் என்றாள், விட்டுவிட்டார்கள். கூட ஆள் இருந்ததால் சொல்ல முடிந்தது என்கிறாள்.

மனுவை மாற்றி எழுதியிருக்கிறேன். எல்லாப் பிரசவத்துக்கும் தனியாரில் அட்டை என்பதை எடுத்துவிட்டேன். நர்ஸம்மா சொன்ன 64 என்ற கணக்கு எனக்கு உறைத்தது. எங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்த்தால் தனியாரில் சுகப்பிரசவம் ஆனவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் பிபி ஏறியோ, ரத்தம் போயோ, வலிப்பு வந்தோ ஒருத்தி எந்த வாசலில் போய் விழுந்தாலும், அங்கே திட்டத்தின் போர்டு இருந்தால் அட்டையை எடுத்தே ஆக வேண்டும் என்பதை நான் விடமாட்டேன். கணக்கர் தம்பி சொன்ன மாதிரி, ஆபரேஷனோ இல்லையோ, ஒரே தொகை. பெற்றவளை விட்டுவிட்டுக் குழந்தைக்கு மட்டும் அட்டை போடுகிற அந்த முறை மாற வேண்டும். இதற்கு நர்ஸம்மா ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

அதே போர்டில் எதெல்லாம் வராது என்பதையும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். மலையில் காத்திருப்பு அறை, கூட வருகிறவருக்குச் சோறு, மாதாமாத ஸ்கேன் மூன்றையும் தங்கை ஊர்ப் பெண்கள் கிராம சபையில் தனியாகக் கொடுக்கிறார்கள். கருக்கலைப்பைப் பற்றி எழுத வேண்டாம், கையெழுத்துப் போடப் பெண்கள் தயங்குவார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் எழுதிவிட்டேன். அட்டை கேட்காமல், ஆபரேஷன் கேட்காமல், அவள் ஒருத்தி கையெழுத்தில் செய்ய வேண்டும் என்று ஒரே வரி. பட்டறையில் இருக்கும் எல்லாப் பெண்களும் முதலில் அந்த வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஏற்காட்டு ஐயா, அந்த வரிக்கு உங்கள் கையெழுத்தைக் கேட்கமாட்டேன். மற்றதற்குப் போட்டுத் தந்தால் சந்தோஷம்.

மாமனார் திருத்திய இடம் ஒன்று. எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் ஒரே மனுவைக் கொடு, பதிலை எழுத்தில் கேள், வாயால் சொன்னால் வாங்காதே என்றார். அப்படியே செய்கிறோம்.

நர்ஸம்மா, அந்த ஊசியின் பெயரை மனுவில் சரியாக எழுத வேண்டும். யார் போடலாம், எங்கே போடலாம் என்பதையும் ஒரு வரி சொல்லுங்கள்.

பதில் 6: மலைக்காட்டு நர்ஸ், ஓய்வு

ஒத்துக்கொள்கிறேன் அம்மணி, ஆபத்தில் வந்தவளுக்கு எந்த வாசலும் திறக்க வேண்டும். இந்த மனுவில் என் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி எழுதுங்கள்: "கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றி வலிப்பு வரும் அபாயத்தில் உள்ள தாய்க்கு, மேல் சிகிச்சைக்கு அனுப்பும் முன், மக்னீசியம் சல்பேட் முதல் தவணையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பயிற்சி பெற்ற செவிலியர் அல்லது மருத்துவர் போட வேண்டும். அதற்கு ஏற்காடு ஒன்றியத்தின் எல்லா சுகாதார நிலையங்களிலும் இரவுப் பணியில் ஆள் இருக்க வேண்டும்." இரவுப் பணி என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். பகலில் எல்லா இடத்திலும் ஆள் இருப்பதாகத்தான் அவர்கள் பதில் எழுதுவார்கள்.

கிராம சபையில் கொடுக்கும்போது தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, தீர்மான எண்ணை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் தங்கைக்கு இன்னும் பிபி இருக்கிறதா? பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரை கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் நர்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.